திருப்பிப் போடும் புரோட்டீன்

ஆரணி பட்டுக்கடை சந்திரமோகன் தலையில் கைவைத்துக்கொண்டார். பெண் பார்க்க வந்த சேவூர் நெசவுக் குடும்பத்திடம், மகள் சுகன்யா தன் ஆராய்ச்சியைப் பற்றியா விளக்க வேண்டும்?

"செல்லோட தோலுக்கு உள்பக்கம், வெளிப்பக்கம்னு ரெண்டு இருக்குங்க. உள்ளே இருக்க வேண்டிய கொழுப்பு வெளியே வந்துட்டா, ஒரு புரோட்டீன் அதை உள்ளே திருப்பிப் போட்டுகினே இருக்கும்."

"போடலைன்னா?" என்றாள் பையனின் அம்மா அபிதகுசாம்பாள்.

"பக்கத்து செல்லுங்க அந்த செல்லையே முழுங்கிடும். வியாதியும் வருங்க."

வந்தவர்கள் யாரும் கேசரியைத் தொடவில்லை. சுகன்யாவையே வைத்த கண் வாங்காமல் பார்த்தார்கள். அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த சந்திரமோகனுக்குப் பெருமை பிடிபடவில்லை. படிப்பு என்றால் சும்மாவா!

"பொண்ணு சொல்றது புரியுதுங்களா?" என்றார், மீசையைத் தடவியபடி.

"நல்லாவே புரியுதுங்க." அபிதகுசாம்பாள் எழுந்து வந்து சுகன்யாவின் முந்தானையைத் தூக்கிக் காட்டினாள். "பட்டுக்கடைக்காரர் பொண்ணு, புடவையை உள்பக்கம் வெளியே தெரியக் கட்டிகினு நிக்குது. புட்டாப் பூவோட பின்பக்க நூலெல்லாம் பல்லைக் காட்டுது பாருங்க."

சந்திரமோகன் மீசையிலிருந்து கையை எடுத்தார். போச்சு, நல்ல இடம் கைவிட்டுப் போச்சு!

"பயப்படாதீங்க சம்பந்தி," என்று சிரித்தாள் அபிதகுசாம்பாள். "இனிமே அந்தப் புரோட்டீன் வேலையை நான் பாத்துக்கறேன்."