முன்னால் மட்டும் கண் உள்ள ட்ரோன்

கல்யாண மண்டபத்து வேப்பமரத்தில் ஒரு காக்கா மூன்று முட்டையிட்டு, பந்தி எச்சில் இலைப் பக்கம்கூட எட்டிப் பார்க்காமல் அடைகாத்துக்கொண்டிருந்தது. அன்றைக்குக் கூட்டுக்கு எதிரே ஒரு கேமரா ட்ரோன் ஙொய்யென்று வந்து நின்றது.

"தம்பி, பாத்துப் பறப்பா. கூட்டுல முட்டை இருக்கு."

"பயப்படாதீங்கக்கா. எனக்கு முன்னால ரெண்டு கண்ணு இருக்கு. எதிர்ல எது வந்தாலும் தானா நின்னுடுவேன்."

"பின்னால வந்தா?"

"பின்னால யாருக்கா போவா?" என்று சிரித்துவிட்டுப் போனது ட்ரோன்.

கொஞ்ச நேரத்தில் மாப்பிள்ளையும் பெண்ணும் வாசலுக்கு வந்தார்கள். அவர்கள் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல், பின்பக்கமாகவே நகர்ந்து நகர்ந்து, ட்ரோன் நேராகக் கூட்டுப் பக்கம் வந்தது.

"நில்லு தம்பி, நில்லு!"

"சும்மா இருங்கக்கா. பொண்ணு இப்பத்தான் சிரிக்குது!"

இதனிடம் பேசி ஆகப்போவது ஒன்றுமில்லை என்று காக்காவுக்குப் புரிந்துவிட்டது. கீழே வீடியோக்காரர் ரிமோட்டும் கையுமாகத் திரைக்குள் தலையைக் கவிழ்த்திருந்தார். காக்கா பாய்ந்து போய் அவர் உச்சந்தலையில் நச்சென்று ஒரு கொத்து கொத்தியது. "ஐயோ!" என்று நிமிர்ந்தவர் மரத்தைப் பார்த்ததும் பதறிப்போய் ரிமோட்டிலிருந்து இரண்டு கட்டைவிரலையும் எடுத்துவிட்டார். கூட்டுக்கு ஒரு சாண் தள்ளி ட்ரோன் அப்படியே நின்றது.

காக்கா பறந்து வந்து முட்டைகளைப் பார்த்தது. மூன்றும் பத்திரமாக இருந்தன.

"பாத்தீங்களாக்கா? தானா நின்னுடுவேன்னு சொன்னேன்ல?" என்றது ட்ரோன்.

காக்காவின் வாய் நிறைய வீடியோக்காரர் தலைமுடி.