பின்னட்டை

டக்.

அருளப்பன் சாரின் புத்தகம் தேறியது.

டக். டக். அடுத்ததும் தேறியது.

பரிமளா விரல் முட்டியால் தட்டிக்கொண்டே வருகிறாள். இன்னும் இரண்டு தாண்டினால் வசுவின் புத்தகம்.

வசு மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். விரலிடுக்கில் மைதாப் பசை காய்ந்து தோலை இழுத்தது.

நூலக மாடியில் சனிக்கிழமை மதியம் கூடுகிற குழு இது. மொத்தம் எட்டுப் பேர். காகிதம் மடிப்பார்கள், தைப்பார்கள், அட்டை போட்டுப் புத்தகமாக்குவார்கள். கண்காட்சிக்கு முன்னால் ஒவ்வோர் அட்டையையும் தட்டிப் பார்ப்பது இங்கே வழக்கம். உள்ளே பசை பிடித்திருந்தால் டக். பிடிக்காமல் இருந்தால் பொத்.

பொத் என்றால் தப்ப முடியாது. தாளை அங்கேயே உரித்து, எல்லோரும் பார்க்க மறுபடி ஒட்ட வேண்டும். சிரிப்பார்கள், கை தட்டுவார்கள். ஒரு விளையாட்டு.

இன்றைக்கு அவளுக்கு அது விளையாட்டு இல்லை.

அவளுடைய பின்னட்டைக்குள் வேலைக்கான உத்தரவு இருக்கிறது.

தூத்துக்குடியில் ஒரு கல்லூரி நூலகம். புதன்கிழமை காலை பத்து மணிக்குள் அசல் உத்தரவோடு போய் நிற்க வேண்டும்.

முன்பும் ஒன்று வந்தது. தபால்காரரிடம் கையெழுத்துப் போட்டு வாங்கியவன் அவள் கணவன். விருப்பமில்லை என்று அவனே பதில் எழுதி அனுப்பினான். அவளிடம் சொன்னது நாலு மாதம் கழித்து, தோசை சாப்பிடும்போது.

கெட்டவன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அலமாரி, கைப்பை, செல்போன், அரிசி டப்பா எல்லாவற்றையும் ஒரு தடவை கிண்டிப் பார்க்காவிட்டால் அவனுக்குத் தூக்கம் வராது. அவ்வளவுதான்.

அவள் செய்த புத்தகங்களை மட்டும் தொட மாட்டான். காகிதக் குப்பை என்பான்.

அதனால்தான் போன சனிக்கிழமை உத்தரவை அட்டையின் மேல் வைத்து, தாளால் மூடி, நான்கு ஓரங்களில் மட்டும் பசை தடவினாள். நடுவில் தடவினால் உத்தரவு பாழாகிவிடும். ஒரு வாரம் கனத்துக்கடியில் காய வேண்டும் என்பதால் புத்தகம் இங்கேயே இருந்தது. இன்று வாங்கிக்கொண்டு போய்விடலாம் என்று வந்தாள். வந்தால், திங்கட்கிழமை கண்காட்சி என்கிறார்கள்.

தட்டிக்கொண்டு வருகிற பரிமளா, அந்தக் கணவனின் அக்கா.

சனிக்கிழமைகளில் தம்பிக்குப் போன் போடாமல் பரிமளா மாடிப்படி இறங்கியதே இல்லை. இன்னார் வந்தார்கள், இன்னது பேசினார்கள், இத்தனை மணிக்குக் கிளம்பினாள். வசுவை அவன் இங்கே விடுவதே அதை நம்பித்தான்.

பரிமளாவும் படித்தவள்தான், ஆசிரியர் பயிற்சி முடித்தவள். வேலைக்குப் போனதில்லை. ஏன் என்று அந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை.

டக்.

டக்.

பையில் போட்டுக்கொண்டு ஓடிவிடலாமா? படிக்கட்டு பரிமளாவின் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

முன்னட்டை. டக்.

பின்னட்டை.

பொத்.

"அடடே!" என்றார் அருளப்பன் சார். எல்லோரும் கை தட்டத் தயாரானார்கள்.

அவளுக்கு அழுகை முட்டியது. அந்த அறையில் அழுவதற்குக்கூடத் தோதாக ஒரு மூலை கிடையாது.

பரிமளா புத்தகத்தை முகத்துக்கு நேரே தூக்கினாள். கத்தி முனையைத் தாளின் மூலையில் நுழைத்தாள். தாள் கொஞ்சம் எழும்பியது. இன்னும் கொஞ்சம்.

கத்தி நின்றது.

பரிமளாவின் உதடுகள் மட்டும் அசைந்தன. சத்தமில்லாமல் படித்தாள். புதன்கிழமை என்ற இடம் வரை படித்தாள்.

பிறகு தூரிகையைத் தொட்டு, மூலையில் பொட்டளவு பசை வைத்து, தாளை அழுத்தித் துடைத்தாள்.

"மூலையில மட்டும்தான் விட்டிருந்துச்சு."

கை தட்டினார்கள்.

வசு மேசை விளிம்பிலிருந்து கையை எடுத்தாள். தப்பித்தோமா, இன்னும் வசமாக மாட்டிக்கொண்டோமா, தெரியவில்லை.

பரிமளா அந்தப் புத்தகத்தைக் கண்காட்சிப் பெட்டியில் வைக்கவில்லை. கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

கடைசியாக இருந்தது பரிமளாவின் சொந்தப் புத்தகம். நீலத் துணி போர்த்தியது. பதினாறு வருடமாக எல்லாக் கண்காட்சியிலும் முதலில் இருக்கும்.

"உங்களோடத யாரும்மா தட்டுறது?" அருளப்பன் சார் ஒவ்வொரு தடவையும் கேட்கிற கேள்விதான். பரிமளா ஒவ்வொரு தடவையும் சிரித்துவிட்டு அதைப் பெட்டியில் வைத்துவிடுவாள்.

இன்று சிரிக்கவில்லை. நீலப் புத்தகத்தை மேசையில் அவள் பக்கமாகத் தள்ளினாள்.

"நீ தட்டு, வசு."

முன்னட்டையைத் தட்டினாள். டக்.

திருப்பினாள். மெதுவாக, மற்றவர்களுக்குக் கேட்காதபடி, பின்னட்டையின் நடுவில் தட்டினாள்.

பொத். அவளுடைய பின்னட்டையின் அதே சத்தம்.

அவள் நிமிர்ந்தாள். பரிமளா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பதினாறு வருடம்.

"நல்லாப் பிடிச்சிருக்கு அண்ணி" என்றாள்.

மேசைமேல் பரிமளாவின் போன் அடித்தது. திரையில் 'தம்பி'. அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. பரிமளா அதை எடுக்காமல், கக்கத்தில் இருந்த புத்தகத்தைப் பழைய துணியில் சுற்றி வசுவின் பையின் அடியில் வைத்தாள்.

இப்போது பைக்குள் அவளுடைய போன் அடிக்கத் தொடங்கியது.

அவள் அதை வெளியே எடுத்தாள். கை தானாகப் பச்சையைத் தேடிப் போனது.

பரிமளா கை நீட்டினாள்.

"குடு. புதன்கிழமை வரைக்கும் நான் பேசிக்கிறேன்."