ஸாதியாவின் கோடு

"அஸர் தொழுதுட்டு வாறன். கோடு வருதா எண்டு பாத்துக்கங்க," என்று சொல்லிவிட்டு ஸாதியா வெளியே போனாள்.

மர்சூக் ஆய்வுகூடத்தில் தனியானான்.

அறையை இருட்டாக்கியிருந்தார்கள். நுணுக்குக்காட்டியின் ஊடாகப் பச்சை லேசர் ஒரு கறுப்புத் தூசியின் மேல் விழுந்துகொண்டிருந்தது. ஜப்பானிலிருந்து ஒரு பேராசிரியர் தபாலில் அனுப்பிய தூசி. அதற்குள் கணக்கில்லாத கரிக்குழாய்கள். அந்தக் குழாய்களுக்குள், பயற்றங்காய்க்குள் மணி இருப்பதுபோல, பந்து வடிவக் கரி மூலக்கூறுகள் வரிசையாக இருக்கின்றனவாம்.

வெட்டிப் பார்க்க முடியாது. ஒளியைப் பாய்ச்ச வேண்டும். சிதறித் திரும்பும் ஒளியை வைத்து மூலக்கூறு எப்படி அதிர்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். அதுதான் ராமன் முறை. உள்ளே பந்துகள் இருந்தால் அவற்றுக்கே உரிய மெல்லிய கோடு ஒன்று திரையில் எழும்பும்.

"கோடு வந்தா ஜப்பான்தான்," என்று காலையில் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தாள் ஸாதியா.

கோடு வந்தால் அவள் ஜப்பானுக்குப் படிக்கப் போய்விடுவாள் என்று எடுத்துக்கொண்டான். அந்தச் சிரிப்பு அவனுக்குக் காலையிலிருந்தே நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது.

அவள் ஆராய்ச்சி மாணவி. அவன் அந்த இயந்திரத்தை ஓட்டும் தொழில்நுட்ப உத்தியோகத்தர். இருவரும் புருஷன் பெண்சாதி.

காத்தான்குடியில் கலியாணம் முடித்த ஆண் பெண்வீட்டுக்குத்தான் குடிபோக வேண்டும். மர்சூக்கும் போனான். வீடு ஸாதியாவின் பெயரில். பின்பக்க அறையில் அவளுடைய உம்மாவும் வாப்பாவும். அவள் இருக்கும்வரை அவன் அந்த வீட்டு மாப்பிள்ளை. கோழியின் நல்ல துண்டு அவனுடைய பீங்கானில்தான் விழும். அவள் போய்விட்டால் அங்கே அவன் யார்? வாடகை கொடுக்காத ஆள்.

பொஞ்சாதிய அனுப்பிப்போட்டு மாமிட சோத்தத் திங்கிறார் என்று பள்ளிவாசல் வாசலிலேயே வைத்துச் சொல்லுவார்கள். அவர்களுடைய வாயை அவனுக்கு நன்றாகத் தெரியும். போன வருடம் இன்னொருவனைப் பற்றி அதையே சொல்லிச் சிரித்தவன்தானே அவன்.

கூடப் போக வேண்டியதுதானே என்பீர்கள். போய்? அவள் ஆய்வுகூடத்துக்குப் போக, இவன் அறையில் வெங்காயம் உரித்துக்கொண்டு இருப்பதா? மானம் கெட்ட பிழைப்பு. அதையும் யோசித்துப் பார்த்துத்தான் இருந்தான்.

திரையில் கோடு எழும்பத் தொடங்கியது.

முதலில் சாடையாக. பிறகு சந்தேகமே இல்லை, அதுதான். இன்னும் கொஞ்ச நேரம் விட வேண்டும். அளந்து முடியாமல் இயந்திரம் எதையும் பதிந்து வைக்காது.

லேசருக்கு முன்னால் ஒளியைக் குறைக்கிற பில்டர் ஒன்று உண்டு. அது இல்லாவிட்டால் கரி தாங்காது, எரிந்துபோகும். ஆய்வுகூடத்துக்குப் புதிதாக வருகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் இதைச் சொல்லிக் கொடுப்பவனே மர்சூக்தான்.

மர்சூக் பில்டரை விலக்கினான்.

கோடு நடுங்கியது. சரிந்தது. இல்லாமல் போனது.

அத்தோடு விட்டானா? ஒரு இடம் கருகினால் அவள் பக்கத்து இடத்தில் அளப்பாள் அல்லவா. தூசி இருந்த தட்டை ஆறுதலாக நகர்த்தி நகர்த்தி, தூசியை ஓரம்வரை சுட்டான். அவனுடைய கை கொஞ்சமும் நடுங்கவில்லை. அந்த இயந்திரத்தில் அவனைப்போல வேலை செய்ய இந்தப் பக்கத்தில் ஆள் கிடையாது.

பிறகு திரைச்சீலையை விலக்கி வாவியைப் பார்த்தான். தோணியில் ஒருவர் வலையை உதறிக்கொண்டிருந்தார். மர்சூக்குக்கு நல்ல நிம்மதியாக இருந்தது. பசிகூட எடுத்தது.

ஸாதியா திரும்பி வந்து திரையைப் பார்த்தாள்.

"கருகிப் போச்சு," என்றான் மர்சூக். "பில்டர் சரியா விழல்ல போல." முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டான். அதையும் திறமாகச் செய்தான்.

அவள் அழுவாள் என்று நினைத்தான். தோளில் சாய்த்துக்கொள்ளவும் ஆறுதல் சொல்லவும் ஆயத்தமாகவே நின்றான்.

அவள் அழவில்லை. கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு அவனுக்குப் பக்கத்தில் இருந்தாள். அவனுடைய கையை எடுத்துத் தன் மடியில் வைத்துத் தடவிக் கொடுத்தாள்.

"கவலப்படாதீங்க. எனக்கு அங்க படிக்கப் போன மாசமே இடம் கிடைச்சிட்டு. இந்தத் தூசி உங்களுக்கு வந்தது. இத எரிக்காம அளந்து காட்டுற ஆளுக்கு அங்க மெஷின் வேல தாறதா பேராசிரியர் சொன்னவர். ரெண்டு பேரும் ஒண்டாப் போகலாம் எண்டு இருந்தன். முதல்லயே சொன்னா உங்களுக்குக் கை நடுங்கும் எண்டுதான் சொல்லல்ல."

மர்சூக் வாயைத் திறந்தான்.

எனக்கு வேலை தெரியும், வேண்டுமென்றேதான் எரித்தேன் என்று சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் வேலை தெரியாதவனாகவே இருந்துவிட வேண்டும்.

வாயை மூடிக்கொண்டான்.

ஸாதியா கொம்பியூட்டர் பக்கம் திரும்பினாள். தான் தனியாகவே வருவதாகப் பேராசிரியருக்கு எழுதத் தொடங்கினாள்.