ஆளுயரப் படம்

சுவரில் அவன் அழுதுகொண்டிருந்தான்.

ஆள் உயரத்துக்கு. கறுப்பு வெள்ளையில்.

மெட்ரோ ஸ்டேஷனில் புகைப்படக் கண்காட்சி. அந்த ரயிலில் ஒரு தடவையாவது போக வேண்டும் என்று மனைவி பவளம் ஆசைப்பட்டாள். கூட்டி வந்தான். டிக்கெட் வாங்கித் திரும்பியபோது தன் படம் கண்ணில் பட்டது.

ஆஸ்பத்திரியின் பின்பக்கச் சந்து. ஜெனரேட்டர் மறைவு. யாரும் பார்க்கவில்லை என்றுதான் வாய்விட்டு அழுதான். மூக்கு ஒழுகியதுகூடப் படத்தில் பளபளத்தது.

கீழே தலைப்பு: 'பெருநகரத்தின் மௌனம்.'

மௌனமாம். லாரி ஆபீஸில் அவன் ஒரு குரல் கொடுத்தால் தெருமுனையில் போகிறவன் திரும்பிப் பார்ப்பான். அன்றைக்கு ஜெனரேட்டர் சத்தத்தையும் மீறிக் கதறியிருந்தான்.

எடுத்தவன் பக்கத்திலேயே நின்றான். கதர் ஜிப்பா. கழுத்தில் கேமரா, புது மாப்பிள்ளையின் சங்கிலி மாதிரி. சுற்றிலும் கல்லூரிப் பிள்ளைகள்.

"அனுமதி கேக்காம நான் எடுக்கவே மாட்டேன். என் கையப் புடிச்சுக்கிட்டு ரொம்ப நேரம் பேசினாரு அந்த மனுஷன்."

அந்த மூஞ்சியை அவன் இன்றைக்குத்தான் பார்க்கிறான்.

அதுவும் அவனைப் பார்த்தது. அடையாளம் தெரியாமல் அடுத்த ஆளிடம் நகர்ந்தது. அழாதவனிடம் அதற்கு என்ன வேலை?

ஒருத்தி உதட்டைப் பிதுக்கி, படத்தின் முன்னால் செல்ஃபி எடுத்துக்கொண்டாள். கண்ணாடிக்காரர் ஒருவர், வெளிச்சம் பிரமாதம் என்றார்.

வெளிச்சமாம். துப்ப வேண்டும் போலிருந்தது. தரை வழுவழுவென்று இருந்தது. விழுங்கிக்கொண்டான்.

பிறகுதான் கவனித்தான். பவளம் பக்கத்தில் இல்லை.

படத்துக்கு நேர் எதிரே நின்றிருந்தாள்.

ஓடினான். இழுத்துக்கொண்டு போய்விடலாம் என்று பார்த்தான். அதற்குள் அவள் பேச ஆரம்பித்துவிட்டாள்.

"எனக்கு ஸ்கேன் எடுத்த அன்னிக்கு நீங்க போட்டிருந்த சட்டை," என்றாள் பவளம். "டாக்டர் ரூம்ல இருந்து வந்து, ஒண்ணுமில்ல, வெறும் வாயுதான்னு சிரிச்சீங்களே."

 

அவள் அவன் பக்கம் திரும்பவில்லை. அழவுமில்லை. இரண்டடி முன்னால் போய், படத்திலிருந்த முகத்தை ஒட்டி நின்றாள். கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

"மேடம், மறைக்கிறீங்க. கொஞ்சம் தள்ளிக்கங்க," என்றான் ஜிப்பாக்காரன்.

அவள் முந்தானையை எடுத்து இன்னும் அகலமாக விரித்தாள்.