அரிசி வில்லை

"மெதுவாத் தேயிளா, எலும்பு கழண்டு வந்துரும் போல இருக்கு" என்று முனகினார் ஏசுவடியான். அன்னபாக்கியம் கணவரின் இடது தோளில் தைலத்தை இன்னும் பதமாகத் தேய்த்தாள்.

"அப்படி என்னதான் செஞ்சீங்க?"

"ராவும் பகலும் மனு எழுதுறேன்ல? சும்மாவா!" வலது கைவிரலில் இருந்த மசிக் கறையைப் பதக்கம் போல நீட்டிக் காட்டினார்.

கொச்சித் துறைமுகத்தில் வேலைக்கு ஆள் எடுப்பது சாப்பா எறிந்துதான். கூட்டத்துக்குள் தகர வில்லைகளை வீசுவார்கள். அடித்துப் பிடித்துப் பொறுக்கியவனுக்கு அன்றைக்குக் கூலி. அதை ஒழிக்கச் சொல்லி மூன்று நாளாக வேலைநிறுத்தம். மட்டாஞ்சேரித் தெருவெல்லாம் போலீஸ்.

சரக்குக் கம்பெனி ரைட்டரான ஏசுவடியான் முதலாளி பக்கம்தான் என்று சபையில் குசுகுசுத்தார்கள். அந்த வெட்கத்தில் அன்னபாக்கியம் ஒரு மாதமாகக் கோயிலில் செருப்பு விடும் இடத்தருகே உட்கார்ந்து ஜெபித்துவிட்டு வந்தாள். இன்றோடு அந்தப் பேச்சு ஓயும்.

கோயில் முற்றத்தில், வேலைநிறுத்தக்காரர்களுக்கு அரிசி கொடுக்குமுன், அவர் மனுவை வாசித்தார்.

"தேவசாயலில் படைக்கப்பட்ட மனுஷனை நாய் மாதிரிப் பாயவிடுவதா? அநியாயத்தைக் கண்டும் வாய்மூடி இருக்கிறவன் என்ன கிறிஸ்தவன்? முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு சாப்பா எறிகிறானே, அந்தக் கோழைக்கு ஐயோ!"

போதகர் கண்ணைத் துடைத்தார். முன்வரிசைப் பெண்கள் நகர்ந்து இடம்விட, தைலம் மணக்கும் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு அன்னபாக்கியம் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

பிறகு அரிசிக்கான வில்லைகள். பிஸ்கட் டின்னை வெட்டி அவரே செய்தவை. முதல் பத்துப் பேரிடம் பேர் கேட்டு, கைகூப்பி, ஒவ்வொன்றாகக் கொடுத்தார். பதினோராவது ஆள் நெருக்கியதில் கஞ்சி போட்ட கோட்டு கசங்கியது.

"தள்ளி நில்லுங்கடே!"

படியேறி நின்றார். மிச்ச வில்லைகளை அள்ளிக்கொண்டு இடது கை ஓங்கியது.

வில்லைகள் இன்னும் கையை விட்டுக் கிளம்பவே இல்லை. அதற்குள் கூட்டம் மொத்தமும் கிணற்றடிப் பக்கம் பாய்ந்தது. அத்தனையும் அங்கேதான் போய் விழுந்தன.

அன்னபாக்கியத்துக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. பாயாமல் ஒதுங்கி நின்ற சுமைகாரர் பிச்சையிடம் கேட்டாள்: "கிணத்தடியிலதான் விழும்னு எல்லாருக்கும் எப்படிண்ணே தெரிஞ்சுது?"

பிச்சை, தானே தப்புச் செய்தவர் போலத் தலை குனிந்துகொண்டார்.

"ஆறு மாசமா எங்களுக்கு இந்த இடது கைதானே எறியுது, சேச்சி. முகத்துல துண்டு மட்டும்தான் இன்னைக்கு இல்ல."