துணிக் கிளிப்

பிற்பகல் வெயில் மேசையின் பாதிவரை வந்து நிற்கிறது. மடிக்கணினித் திரையில் கல்லூரி விண்ணப்பம்; அதில் இரண்டு கட்டங்கள். ஒன்று வேதியியல். மற்றது அறிவியலையும் சட்டத்தையும் சேர்த்துப் படிப்பது. மாலைக்குள் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். மகளின் மனம் இரண்டாவதில் இருக்கிறது. ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கும் அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. “கண்டுபிடிக்கிறதை விட்டுட்டு, கண்டுபிடிச்சவனுக்கு வக்காலத்து வாங்கப் போறியா?” என்று கேட்டுவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு துணி மடிக்கிறாள்.

மகள் துணிக் கிளிப் ஒன்றை எடுத்து, பக்கத்தில் இருக்கும் அண்ணனிடம் நீட்டுகிறாள். “இதுக்கு நான் காப்புரிமை எழுதறேன். நான் எழுதினதுல சிக்காம நீ காப்பியடிச்சுத் தப்பிச்சுக்கோ, பார்க்கலாம். ரெண்டு மரத்துண்டு, நடுவுல கம்பிச்சுருள்.”

“பிளாஸ்டிக்ல செய்வேன்.”

“சரி, மரம் வேண்டாம். ரெண்டு துண்டு.”

“ஒரே துண்டா வளைச்சிடுவேன், போடி.”

அவள் உதட்டைக் கடித்துக்கொள்கிறாள். கிளிப் அவள் விரல்களுக்கிடையே திறந்து மூடும் சத்தம் மட்டும் கேட்கிறது. “எதிரெதிரா ரெண்டு முனை. அழுத்தினா விரியணும், விட்டா தானா கவ்வணும்.”

அண்ணன் கிளிப்பை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்க்கிறான்.

அம்மாவின் கையில் பாதி மடித்த சட்டை. “அதென்ன அழுத்தினா? நான் இழுத்தா விரியற மாதிரி செய்வேனே” என்கிறாள்.

மகள் நிமிர்கிறாள். அம்மா சட்டையை அப்படியே போட்டுவிட்டு, நாற்காலியை இழுத்து மேசை எதிரே உட்காருகிறாள்.

“ம், மாத்திச் சொல்லு.”