பட்டை சிவக்கக் கூடாது

கொம்பையாவின் தண்டனைக் காலம் சித்திரையோடு முடிந்துவிட்டது. ஆனால் மனம் அமைதியானவர்களைத்தான் இப்போதெல்லாம் சிறையிலிருந்து விடுகிறார்கள். மணிக்கட்டில் பூட்டிய பட்டை மாதம் முழுக்கப் பச்சையாக ஒளிர வேண்டும். பதற்றத்தில் சிவந்துவிட்டால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். இரண்டு முறை அப்படிச் சிவந்தது. இரண்டும் மனைவி மாடத்தி பார்க்க வந்த நாட்கள்.

இன்று மாதக் கடைசி ஞாயிறு. பார்வையாளர் அறையில் மூச்சை மெல்ல இழுத்துவிட்டபடி அவன் காத்திருந்தான். மற்றவர்களின் சொந்தங்கள் வந்து பேசிவிட்டுப் போனார்கள். மாடத்தியைக் காணோம். எந்த ஞாயிறும் தவறாதவள். காய்ச்சலோ? வழியில் பஸ் கவிழ்ந்ததோ? இல்லை, வெறுத்தே போனாளோ? பட்டை மஞ்சளானது. கண்களை இறுக மூடிக்கொண்டான். திறந்தபோது அது சிவந்திருந்தது.

காவலர் சேவியர் ஓடிவந்தார். "ஏம்டே பதறுத? அவ காலையிலேயே ஜெயில் கேட்டு வரைக்கும் வந்தா. 'நான் உள்ள வந்தா அவுக பட்டை செவந்துரும், வந்தேன்னு சொல்லிராதீய'ன்னு அழுதுகிட்டே திரும்பிட்டா."

கொம்பையா சிவந்த பட்டையை மறுகையால் பொத்திக்கொண்டான்.

"சார், நான் எப்ப வெளிய வருவேன்னு கேட்டு நாளைக்கு அவ போன் போடுவா. பட்டை ரிப்பேருன்னு சொல்லிருங்க. செவந்தது அவ வராததாலதான்னு தெரிஞ்சா தாங்க மாட்டா."

"சொல்லுதேன். அடுத்த ஞாயிறு அவள வரச் சொல்லவா, வேண்டாமா?"

கொம்பையா கையை எடுத்துப் பட்டையைப் பார்த்தான். அவள் வந்தாலும் அது சிவக்கும்; வராவிட்டாலும் சிவக்கும்.